தொழிற்சங்கத் தேர்தலில் நிற்கலாமா? மருமகனுக்குச் சொன்ன பதில்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து என் மருமகன் அழைத்தான். யாழ் பல்கலைக்கழகத்தில் கல்விசாரா ஊழியனாகச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகின்றன.

"மாமா, சங்கத் தெரிவு வருது. கூட வேலை செய்ற அண்ணை ஒருத்தர் என்னையும் நிக்கச் சொல்றார். உம்மா வேணாம் எண்டு அழுறா. நீங்க என்ன சொல்றீங்க?"

அவனது உம்மா என் தங்கை. அவள் ஏன் அழுகிறாள் என்பது எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெருவை விட்டு நாங்கள் வெளியேறியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். "நாம நம்மட வேலையைப் பாத்துக்கொண்டு ஒதுங்கி இருந்தா ஒரு பிரச்சினையும் வராது" என்பது அவளது வாழ்க்கைப் பாடம். அதை நான் குறைவாக எடைபோடவில்லை.

நான் தென்பகுதிப் பல்கலைக்கழகமொன்றில் நீண்டகாலமாகக் கல்விசாரா ஊழியனாக இருப்பவன். சங்கத் தேர்தலில் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவை தோற்றேன், ஒரு தடவை வென்றேன். மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். அரச நிறுவனங்களில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது.

சங்கம் என்பது என்ன?

இந்நாட்டில் தொழிற்சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் எவரும் இரக்கப்பட்டுத் தந்த சலுகை அல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அதை ஒவ்வொரு பிரஜைக்கும் உரிய அடிப்படை உரிமையாகச் சொல்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஏழு பேர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கம் தனக்கென ஒரு யாப்பு வைத்திருக்க வேண்டும், வருடந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களுக்கு ஆசிரியர் சங்கம் இருக்கும். எழுதுவினைஞர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஆய்வுகூட உதவியாளர், நூலக ஊழியர், சாரதி, காவலாளி, சிற்றூழியர் ஆகியோருக்கு ஊழியர் சங்கங்கள் இருக்கும். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகை சந்தாவாகக் கழியும். பலருக்குச் சங்கத்துடனான தொடர்பு அந்தக் கழிவோடு முடிந்துவிடுகிறது.

பிரதிநிதியின் வேலை

வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சங்கம் என்றால் பதாகையும் கோஷமும்தான். உள்ளே இருப்பவருக்குத் தெரியும், பத்தில் ஒன்பது பங்கு வேலை கோப்புக்குள்தான் இருக்கிறது.

ஒருவருக்குப் பதவியுயர்வு தவறிவிட்டது. ஒருவருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒருவருக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, எத்தனை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. இவர்கள் முதலில் தட்டுவது பிரதிநிதியின் கதவை. ஆகவே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தாபனக் கோவையையும் சுற்றுநிருபங்களையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், ஊழியர் முறையிடுவதற்கென்றே பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை என்று ஒன்று இருக்கிறது. அப்படியொரு கதவு இருப்பதை அறியாமலே ஓய்வு பெற்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று மருமகனிடம் கேட்டேன். தெரியாது என்றான். "அப்ப முதலில சங்கத்துட யாப்பில ஒரு பிரதி கேட்டு வாங்கி வாசி" என்றேன். யார் நிற்கலாம், எவ்வளவு காலம் அங்கத்தவராக இருந்திருக்க வேண்டும், வேட்புமனுவை யார் முன்மொழிந்து யார் வழிமொழிய வேண்டும், சந்தா நிலுவை இருந்தால் என்னவாகும், வாக்களிப்பு எப்படி நடக்கும் என்பவை சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். யாப்பை வாசிக்காமல் நிற்பவன், வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பிறகு பிறரைக் குறை சொல்வான்.

நான் தோற்ற கதை

முதல் தடவை நான் நின்றபோது என் கணக்கு வேறாக இருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த முஸ்லிம்களைப் பெயர் பெயராக எழுதினேன். அவர்களது நண்பர்களையும் சேர்த்தேன். அது போதும் என்று நினைத்தேன். சாரதிகளின் அறைப் பக்கமோ பாதுகாப்புப் பிரிவுப் பக்கமோ ஒரு நாளும் போகவில்லை. முடிவு வந்தபோது, நான் எழுதிவைத்த பெயர்களின் எண்ணிக்கையைக்கூட என் வாக்குகள் எட்டவில்லை.

அன்று எங்கள் காவலாளி ஒருவர், வயதில் மூத்த சிங்களச் சகோதரர், என்னிடம் வந்து சொன்னார்: "நீங்க உங்கட ஆக்களுக்காக நிக்கிறீங்க எண்டு நினைச்சோம். எங்களுக்காக நிக்கிறீங்க எண்டு ஒருத்தரும் சொல்லல்லையே." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

அடுத்த மூன்று வருடம் நான் எந்தப் பதவியும் இல்லாமல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மேன்முறையீடு, கடன் விண்ணப்பம், ஓய்வூதியக் கணக்கு என்று யார் கேட்டாலும் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது தடவை நான் வாக்குக் கேட்கப் போனது குறைவு. வென்றேன்.

யாழ் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் ஊழியர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மருமகன் வெல்வதானால் தமிழ் ஊழியர்களின் வாக்கில்தான் வெல்ல வேண்டும். இது பலவீனமல்ல என்று அவனுக்குச் சொன்னேன். திருநெல்வேலி வளாகத்தோடு அந்தப் பல்கலைக்கழகம் முடிந்துவிடுவதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவம், மருதனார்மடத்தில் இசையும் நடனமும் இருக்கின்றன. தூரத்து வளாகங்களில் வேலை செய்பவர்களுக்குத் தங்கள் குறையைக் கேட்க எவரும் வருவதில்லை என்ற மனத்தாங்கல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அங்கே பஸ் ஏறிப் போ, பேசாதே, கேள் என்றேன்.

ஜும்ஆ நேரம், நோன்பு கால வேலைநேரம் போன்ற எமது தேவைகளையும் அவன் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'முஸ்லிம் பிரதிநிதி' என்ற நாற்காலியில் உட்காரக் கூடாது. எல்லோருக்கும் உழைப்பவன் தன் சமூகத்தின் தேவையைச் சொன்னால் அது காதில் ஏறும்.

பதவியைக் கேட்பது கூடுமா?

பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் மருமகனிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: பதவியைக் கேட்டுப் பெறுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே? நல்ல கேள்வி. நான் ஆலிம் அல்ல. ஆனால் நான் ஆலிம்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டது இதுதான்: அந்த ஹதீஸ் எச்சரிப்பது அதிகார ஆசையை. அதே நேரம், நபி யூஸுஃப் (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியங்களைப் பொறுப்பேற்கத் தாமாக முன்வந்ததை அல்குர்ஆன் சொல்கிறது. தமக்கு அந்த வேலை தெரியும், அதைப் பாதுகாக்க முடியும் என்பதையே அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். தவிர, இங்கே மருமகன் கேட்கவில்லை, அவனைக் கேட்டிருக்கிறார்கள். எது எப்படியோ, பிறருடைய சந்தாப் பணமும் வேலையும் கையில் வரும்போது அது அமானிதம். அந்தப் பயம் இல்லாதவன் நிற்காமல் இருப்பதே மேல்.

வேலைநிறுத்தம் எனும் பாரம்

நிற்பவன் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி ஜூலை முதல் ஒக்டோபர் வரை வேலையை நிறுத்தினார்கள். 2024இல் கல்விசாரா ஊழியர்கள், தங்கள் சம்பளத்திலும் படியிலும் ஏற்பட்ட குறைப்பைச் சரிசெய்யக் கோரி மே 2ஆம் திகதி தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நாடு முழுவதும் நூலகங்கள் மூடின, பரீட்சைகள் தள்ளிப்போயின.

கோரிக்கை நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் பிரதிநிதியின் வீட்டுக்கு இரண்டு விதமான அழைப்புகள் வரும். ஒன்று, மாதச் சம்பளம் வராமல் வீட்டு வாடகை கொடுக்க முடியாத ஊழியனிடமிருந்து. மற்றது, பட்டம் தாமதமாகிறது என்று அழும் பிள்ளையின் தந்தையிடமிருந்து. இரண்டு பேரும் சரி. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கும் அதிகமானோர் வேலை இழந்ததையும் மூத்த தொழிற்சங்கவாதிகள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே கை உயர்த்த முன் பத்துத் தடவை யோசிப்பவனும், உயர்த்திய பிறகு ஓடி ஒளியாதவனுமே அந்த இடத்துக்குத் தகுதியானவன்.

எமக்குப் புதிதல்ல

தொழிற்சங்கம் எமது சமூகத்துக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. மலையகத் தோட்டத் தொழிலாளர்களை அணிதிரட்டியவர்களில் முன்வரிசையில் நின்றவர் அப்துல் அஸீஸ். அவருக்குப் பின்னால் நின்ற தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள் அல்ல. தங்களுக்காகப் பேசுகிறாரா என்று மட்டுமே அவர்கள் பார்த்தார்கள்.

கடைசியாகத் தங்கையிடம் பேசினேன். "ஒதுங்கி இருந்தா ஒண்டும் வராது" என்று மறுபடியும் சொன்னாள். "1990இல நாம ஒதுங்கித்தானே இருந்தோம், தங்கச்சி?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. அன்று எங்களை ஏற்றிய லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அயலவர்களில் சிலர் அழுததும் அவளுக்கு நினைவிருக்கிறது. எங்களுக்காகப் பேச அன்று அவர்களுக்குத் துணிவும் இல்லை, அவர்களோடு சேர்ந்து நின்று பேசுவதற்கு எங்களுக்கென்று ஓர் இடமும் இல்லை. ஒரே மேசையில் இருந்து சம்பளக் கணக்குப் பார்ப்பது பழைய காயத்தை ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள்.

மருமகன் இந்த வாரம் யாப்பின் பிரதியை வாங்கிவிட்டான். அவனை முன்மொழியப் போகிறவர் அதே அண்ணைதான். வெல்வானா தோற்பானா என்று எனக்குத் தெரியாது. தோற்றாலும் கடிதம் எழுதிக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றிரவு தங்கை அழைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நானா, அந்தக் கூட்டங்கள் எத்தன மணிக்கு முடியும்? ராவைக்குச் சாப்பாடு எடுத்து வைக்கோணுமா?"