எதுவும் கேட்காத அப்பா

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலைப் படிகளில் கால் வைக்க இடம் இருக்காது. 365 படிகளுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றியபடி பெண்கள் மேலே போகிறார்கள். கூடவே பஜனைக் குழுக்களின் திருப்புகழ். பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன், அடமானத்தில் கிடக்கும் நிலம் என்று ஆளுக்கொரு வேண்டுதல். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதையே தெலுங்கில் வேண்டிக்கொள்கிறார்கள்.

சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த தலம் இது. அதனால்தான் கந்தசஷ்டியின்போது இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. ஆனால் தணிந்தது கோபம்தான். வள்ளியைத் தேடிப்போய் மணந்துகொண்டு முருகன் வந்து தங்கியதும் இதே மலை என்கிறது புராணம். இங்கிருக்கும் தெய்வமே ஆசைப்பட்ட தெய்வம்.

அப்படியிருக்க, ஆசையே இல்லாமல் மனிதன் வாழ முடியுமா? இதற்கு மூளை அறிவியல் சொன்ன ஒரு தெளிவான பதில் நம் நாட்டு வேர் ஒன்றிலிருந்து பிறந்தது. சித்தம் கலங்கியவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா அது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதன் ரத்த அழுத்தம் குறைக்கும் குணத்தை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ஸ்வீடனில் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். காது தொங்க, கண் செருக, முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார். மூளைக்குள் போய் டோபமினாக மாறும் பொருள் அது. சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து நடமாடின. டோபமின் மூளையில் தனி வேலை செய்யும் ஒரு ரசாயனத் தூதன் என்பதை உறுதிப்படுத்திய இந்த ஆய்வுகள், 2000இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தன.

1995இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மிட்டர் குழுவினர் டோபமினே சுரக்காத எலிகளை உருவாக்கினார்கள். பிறந்து சில வாரங்களில் அவை தீனியை நாடுவதையே விட்டுவிட்டுப் பட்டினியில் செத்தன. எல்-டோபா கொடுத்தால் தின்றன, பிழைத்தன. ஆசையற்ற வாழ்வு முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமின் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டினார். மற்ற எலிகளைப் போலவே அவையும் நாக்கைச் சுழற்றி ரசித்தன. ருசி போகவில்லை, அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் போயிருந்தது. வேண்டுவதும் ரசிப்பதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். மருந்து மறுபக்கம் சாய்ந்தாலும் ஆபத்துதான். பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் போலச் செயல்படும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் சிலர், அதுவரை சீட்டுக்கட்டைத் தொட்டே இராதவர்கள், சூதாட்டத்தில் விழுந்து சேமிப்பைத் தொலைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஆசையை விடு என்று ஞானிகள் சொன்னது? இந்தத் திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. படித்தபோது 1908இல் எழுதிய ஆய்வேட்டில் கையில் எடுத்தது இதற்கு நெருங்கிய சிக்கலைத்தான். வேதாந்தத்தில் அறவாழ்வுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இருபது வயது இளைஞர் பதில் எழுதினார். கீதையும் வேலையை விடச் சொல்லவில்லை. பலன்மேல் உள்ள பிடியைத்தான் தளர்த்தச் சொல்கிறது. இந்தப் பிடி தளர்வதை ஆய்வுக்கூடத்திலும் பார்க்க முடிந்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் சிகரெட்டை விட முயன்றவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டிலும் விடாமல் பயிற்சி செய்தவர்களுக்கு ஏக்கம் எழாமல் இல்லை; எழுந்தபோதெல்லாம் கை சிகரெட்டைத் தேடிப் போகும் பழக்கம்தான் தளர்ந்தது. 2013இல் வெளியான இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

துறவும் நோயும் வெளியே ஒன்றுபோலத் தெரிவதுதான் என் கவலை. “அப்பா இப்பல்லாம் எதுவுமே கேக்கறதில்லைங்க. கோயிலுக்குக்கூடக் கூப்பிட்டாத்தான் வர்றாரு. பக்குவம் வந்துடுச்சு” என்று எத்தனையோ வீடுகளில் பெருமையாகச் சொல்கிறோம். பார்க்கின்சன் நோயாளிகளில் ஐந்தில் இருவருக்கு இந்த நாட்டமின்மை வருகிறது. மூளையின் ஆழத்தில் வரும் சிறு பக்கவாதம், மனச்சோர்வு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை எல்லாமே மனிதனை இப்படி உட்கார வைக்கும். இவற்றில் பல, ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிந்துவிடும். பலவற்றுக்கு மருந்தும் உண்டு.

பக்குவப்பட்டவர் நகையை, பதவியை, பெயரை விடுவார். பேரன் வந்தால் முகம் மலரும். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கமாட்டார். காலையில் பேப்பர் பார்க்காமல் காபி குடிக்காத மனிதர் பேப்பரைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார், பசித்தாலும் தட்டைக் கேட்பதில்லை, பேரன் மடியில் ஏறினாலும் கை அணைக்க எழவில்லை என்றால், அது வேறு. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எப்போதிலிருந்து இப்படி என்று நீங்களே சொல்லுங்கள். அவராகச் சொல்லமாட்டார், சொல்லவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழாது.