உடலும் ஓர் அமானிதம்

துன்பத்தில் வீழ்ந்த பிறருக்கு ஆறுதல் கூற நாம் அறிவோம். அத்துன்பம் நம்மையே தீண்டும்போது, நம்மீது நாம் இரக்கம் காட்ட அறிவோமா?

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்துள்ளது தாயில்பட்டி. பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் கரிசல் வட்டாரம் அது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை நாடே அறியும். அதே 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் பட்டாசு வெடித்து உயிர்கள் பறிபோயின.

இத்தகைய விபத்தில் தப்பியவர் நெஞ்சில் மற்றொரு தீ மூள்வதுண்டு. ‘உடனிருந்தவர் மாண்டார், நான் மட்டும் ஏன் பிழைத்தேன்? அன்று வேலைக்கு அனுப்பாதிருந்தால்...?’ என்று தம்மைத் தாமே சுட்டுக்கொள்வர். உணவையும் மருந்தையும் வெறுப்பர். அழுதால் ஈமான் குறையுமோ என அஞ்சிக் கண்ணீரையும் அடக்குவர். இதுவா பொறுமை?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். பயணத்தில் ஒரு தோழருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. “தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா?” என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதி இல்லை என்றனர் அவர்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியதும் நபிகளார் கடுஞ்சினம் கொண்டார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே எனக் கண்டித்தார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றும் வினவினார்கள்.

காயம்பட்ட உடலை வருத்துவதை மார்க்கம் வணக்கமாக ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? தீக்காயத்தில் தண்ணீர் படலாகாது என மருத்துவர் கூறினால், தயம்மும் உண்டு. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். இவை ஈமானில் தளர்ந்தோருக்கு வீசப்பட்ட பிச்சை அல்ல. ரஹ்மான் வழங்கிய அன்பளிப்பு. அன்பளிப்பை மறுப்பது பக்தியாகுமா?

‘அப்படிச் செய்திருந்தால் இப்படி நேர்ந்திராதே’ என்று சென்றதை எண்ணிப் புழுங்குவது ஷைத்தானுக்கு வாயில் திறப்பதாகும் என்று நாயகம் (ஸல்) எச்சரித்துள்ளார்கள். இது கவனக்குறைவுக்கு விதியைச் சாக்காகக் கூற அன்று. நாளைய பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. நேற்றைய தினத்திற்காக நம்மை நாமே தண்டிப்பதே கூடாது.

அழுகையும் குற்றமன்று. தம் அருமை மகன் இப்ராஹீம் உயிர் பிரிகையில் நபிகளாரின் திருவிழிகள் நீர் சொரிந்தன. அக்கண்ணீரை இரக்கம் என்றே அவர்கள் குறிப்பிட்டார்கள்.

எனவே, துயருற்ற சகோதரரே, சகோதரியே! உண்ணுங்கள், உறங்குங்கள், மருந்தைத் தவறாது அருந்துங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பாரத்தை உற்றாரிடம் இறக்கி வையுங்கள். உங்கள் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவதும் வணக்கமே.

வல்ல அல்லாஹ் நம் காயங்களை ஆற்றி அருள்வானாக! ஆமீன்.