ஆர்க்கிட் வாங்கப் போறீங்களா? பூவைப் பார்க்காதீங்க, உங்க பால்கனியைப் பாருங்க!



வேலையில் சேர்ந்து முதல் போனஸ் வந்த சமயம். அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு ஆசை. சென்னையில் ஒரு கடையில் வெள்ளை ஆர்க்கிட் ஒண்ணு பளிச்னு பூத்து நின்னுச்சு. பீங்கான் தொட்டியோட 1,400 ரூபாய். ஒரு கேள்வியும் கேட்காம வாங்கி மதுரைக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு மாசம் பூ இருந்துச்சு. மே மாசம் இலை மஞ்சளாகி, ஒரு நாள் செடியே சாய்ஞ்சிடுச்சு. அம்மா போன்ல சொன்னாங்க: "என் கைராசி சரியில்லப்பா. நீ அவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்ததை வீணாக்கிட்டேன்."

வருஷக்கணக்கா மல்லியும் செம்பருத்தியும் வளர்த்த கை அது! தப்பு அம்மா மேல இல்லை. மதுரை வெயிலுக்குப் பொருந்தாத செடியை, அடியில் ஓட்டையே இல்லாத தொட்டியில் வாங்கின என் மேல. போன வருஷ லாபத்தை மட்டும் பார்த்து ஃபண்ட் வாங்குற மாதிரி, நான் பூவை மட்டும் பார்த்து வாங்கிட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. உங்க வீட்டில் இரவு எவ்வளவு சூடு இருக்கும்?
2. பால்கனியில் வெயில் எத்தனை மணி நேரம் விழுது?
3. நீங்க ஊருக்குப் போனா யார் தண்ணி ஊத்துவாங்க?

வாடகை வீட்டில் தனியா இருக்கிறவங்களுக்கு மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம்.

எந்த வகை யாருக்கு?

ஃபெலனாப்சிஸ்: நான் வாங்கினது இதுதான். பட்டாம்பூச்சி மாதிரி பூ, இரண்டு மூணு மாசம் கூட நிக்கும். ஜன்னல் ஓர வெளிச்சமே போதும், நேர் வெயில் ஆகாது. ஆனா மறுபடி பூக்க, சில வாரங்களாவது இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழ போகணும். பெங்களூருல இருக்கிறவங்க தைரியமா வாங்கலாம். சென்னை, மதுரையில் அந்தக் குளிர் மார்கழி, தை சமயத்தில்தான் கிடைக்கும். கோடையைத் தாண்ட வைக்கிறதும் கஷ்டம்.

டென்ட்ரோபியம்: பொக்கே கடைகளில் பார்க்கிற ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ பெரும்பாலும் இந்த வகைதான். சூட்டைத் தாங்கும். காலை வெயிலோ, 50 சதவீத நிழல் வலையோ இருந்தா போதும். கரும்பு மாதிரி தண்டு இருக்கும். அதில் தண்ணியும் சத்தும் சேர்த்து வெச்சுக்கும். அதுதான் செடியோட எமர்ஜென்சி ஃபண்ட்! பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனாலும் சமாளிச்சுக்கும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ஞ்சுபோச்சுன்னு வெட்டிடாதீங்க. பச்சையா இருக்கிற வரைக்கும் அது சேமிப்புக் கணக்குதான்.

வேண்டா: வேர் அந்தரத்தில் தொங்கும், மண்ணே வேண்டாம். நீல நிறப் பூவைப் பார்த்தா மயங்கிடுவீங்க. ஆனா தண்ணியைச் சேர்த்து வைக்கிற தண்டு கிடையாது. தினமும் வேர் முழுக்க நனையணும். ஆபீஸ் ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கிறவங்க தள்ளிப் போடுங்க.

சிம்பிடியம்: இது குளிர் பிரதேசத்துச் செடி. ஊட்டி, கொடைக்கானல்ல வீடு இருந்தா யோசிங்க. சமவெளியில் வாங்கினா இலை மட்டும்தான் வளரும்.

ஆக, தமிழ்நாட்டுச் சமவெளியில் முதல் ஆர்க்கிட் வாங்குறவங்களுக்கு என் ஓட்டு டென்ட்ரோபியத்துக்குத்தான்.

செலவு எவ்வளவு ஆகும்?

போன வருஷம் நான் கொடுத்த விலை இது. உங்க ஊர்ல கொஞ்சம் மாறலாம்.

- பூக்கிற பருவத்து டென்ட்ரோபியம்: 350 ரூபாய்
- பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்தொட்டி: 80 ரூபாய்
- கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு: 100 ரூபாய்
- 19:19:19 உரம்: 120 ரூபாய்

மொத்தம் 650 ரூபாய். முதல் செடிக்குக் கொடுத்ததில் பாதி கூட இல்லை.

ஆன்லைனில் 100 ரூபாய்க்குச் சின்ன நாற்று கிடைக்குதேன்னு கேட்பீங்க. கிடைக்கும், ஆனா பூக்க இரண்டு மூணு வருஷம் ஆகலாம். அந்த லாக்-இன் பீரியட் உங்களுக்கு ஓகேவா? முதல் செடியைப் பூக்கிற பருவத்தில் வாங்குங்க, நாற்றை அப்புறம் பார்க்கலாம்.

காசு வீணாகும் இடங்கள்

- தோட்ட மண்ணில் நடுறது. ஆர்க்கிட் வேருக்குக் காத்து வேணும்; மண்ணில் வெச்சா அழுகிடும்.
- தேதி பார்த்துத் தண்ணி ஊத்துறது. வேரைப் பாருங்க: வெள்ளி நிறமா இருந்தா தாகம், பச்சையா இருந்தா ஈரம் இருக்கு.
- ஏசி அவுட்டோர் யூனிட் பக்கத்தில் வைக்கிறது. அந்த அனல் காத்தே செடியைக் கருக்கிடும்.
- உப்புத் தண்ணி. போர் தண்ணி உப்பா இருந்தா, குடிக்கிற தண்ணியோ மழைத்தண்ணியோ ஊத்துங்க.
- உரத்தை அள்ளிப் போடுறது. ஒரு லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை போதும்.

இன்னொண்ணு: காட்டிலிருந்து பிடுங்கிட்டு வந்த செடியை யார் வித்தாலும் வாங்காதீங்க. நர்சரியில் வளர்த்ததுதானான்னு கேட்டு வாங்குங்க. காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசைன்னா, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கு. அடுத்த ட்ரிப்ல போய்ட்டு வாங்க.

அம்மா கதை என்ன ஆச்சு?

"இனிமே வேண்டாம்ப்பா, பாவம்"னுதான் சொன்னாங்க. கட்டாயப்படுத்தி டென்ட்ரோபியம் ஒண்ணு கொண்டுபோய், துளசி மாடம் பக்கத்தில் காலை வெயில் படுற இடத்தில் தொங்கவிட்டேன். போன மே மாசம் அதுவும் போயிடுமோன்னு எனக்குத்தான் பயம். ஆவணியில் அம்மாகிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. ஒரே தண்டில் ஒன்பது பூ.

இப்போ பழைய தண்டு மேல வேரோட ஒரு குட்டிச் செடி முளைச்சிருக்கு. பங்குச்சந்தை பாஷையில் சொன்னா, போனஸ் ஷேர்! அதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கப் போறாங்களாம். எப்படி வளர்க்கணும்னு இப்பவே க்ளாஸ் எடுத்துக்கிட்டிருக்காங்க.

தொட்டி மாத்துறது எப்படின்னு அடுத்த வீடியோவில் செஞ்சு காட்டுறேன். அதுவரைக்கும் கடைக்குப் போகாதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்க பால்கனியில் வெயில் எப்போ வருது, எப்போ போகுதுன்னு மட்டும் குறிச்சு வைங்க. அதுக்குச் செலவு பூஜ்யம்!