வளையும் மரம், வளையாத படகு

மாணவர்களே, திரங்கானுவின் டுயோங் தீவில் படகு கட்டுவோர் கடினமான பலகைகளை நெருப்பில் வாட்டி வளைக்கிறார்கள். வீட்டிலேயே படகு கட்டுவோருக்கு வேறொரு வழி உண்டு.

24 மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டையை அப்படியே வளைத்தால் முறியும். வளைவாக அறுத்தெடுத்தால் மரத்தின் நார்கள் அறுபடும். அலை மோதும்போது அங்கேதான் பிளக்கும்.

ஆகவே 3 மில்லிமீட்டர் பட்டைகள் எட்டில் எபோக்சி பசை தடவி, அடுக்கி, அச்சில் வளைத்து இறுக்குகிறார்கள். தடிப்பு எட்டில் ஒன்றானால் விறைப்பு 8×8×8, அதாவது 512-இல் ஒன்றாகும். எட்டுப் பட்டைகளும் சேர்ந்தால் 64-இல் ஒன்று. அதனால் எளிதில் வளைகின்றன. பசை காய்ந்ததும் பட்டைகள் வழுக்க முடியாது. விறைப்பு 64 மடங்காகிறது.

உங்கள் நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்களின் ஓரம் படிக்கட்டுபோல் விலகும். அந்த வழுக்கலைத்தான் பசை தடுக்கிறது.