காலை எட்டரை மணி மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் காலைப் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. "ராத்திரி என்ன ஊத்து ஊத்துச்சு, பார்த்தீங்களா?" என்று பால் வாங்கும் இடத்தில் ஒருவர் ஆரம்பிப்பார். "எங்க பக்கம் தூறலோட சரி" என்பார் அடுத்தவர். துவைத்த துணி காயவில்லை, வாசல் தெளிக்க வேண்டிய வேலை மிச்சம், சப்வேயில் தண்ணீர் நிற்பதால் பஸ் சுற்றிக்கொண்டு போகிறதாம், பிள்ளைகளுக்கு இன்றைக்கு லீவு உண்டா இல்லையா என்று பேச்சு நீளும். இத்தனை பேச்சிலும் ஒரு கேள்விக்கு மட்டும் ஒருமித்த பதில் கிடைக்காது: உண்மையில் எவ்வளவு பெய்தது? தகரக் கூரைக்குக் கீழே படுத்தவருக்குத் தூறலும் பேய்மழை. ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவருக்குப் பேய்மழையும் தெரியாது.

இந்த வழக்கைத் தீர்த்துவைப்பது மழைமானி. கருவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு எளிமையானது. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், கையில் ஓர் அளவுக் குவளை. தாலுகா அலுவலக வளாகங்களிலும் அணைக்கட்டுகளிலும் கம்பிவேலிக்குள் தரையில் பாதி புதைந்து நிற்கும் கண்ணாடியிழைக் கூடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் என்னவென்று கேட்காமல் கடந்திருப்பீர்கள். டிவியில் வரும் "7 செ.மீ. மழை பதிவு" என்பது அதன் வயிற்றிலிருந்து வந்த கணக்குதான்.

காலை எட்டரைக்கு நடப்பது இதுதான். பொறுப்பில் உள்ளவர் வேலிக்குள் போய்ப் புனல் பகுதியைக் கழற்றுகிறார். உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, அதிலுள்ள நீரைக் கோடு போட்ட குவளையில் மெதுவாக ஊற்றுகிறார். குவளையைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவருகிறார். குவளைக்குள் தண்ணீர் ஓரங்களில் சற்று மேலேறி, நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். ஓரத்தைப் படித்தால் கணக்கு ஏறிவிடும். ஒரு குவளையில் அடங்காவிட்டால் மீண்டும் மீண்டும் ஊற்றிக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டிலைக் காலி செய்து உள்ளே வைத்துவிட்டு, பதிவேட்டில் தசமப் புள்ளியோடு ஓர் எண்ணை எழுதுகிறார்.

குவளையில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் மானிகளின் வாய் 200 சதுர செ.மீ. அல்லது 100 சதுர செ.மீ. பரப்புள்ளது. முதல் வகையின் வாய் ஏறக்குறைய 16 செ.மீ. விட்டம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குவளை. பெரிய வாயில் பிடித்த நீரைச் சிறிய வாய்க்கான குவளையில் அளந்தால், பெய்த மழை இரண்டு மடங்காகிவிடும். வெள்ளம் வராமலேயே வெள்ளக் கணக்கு தயார்.

மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறோம்? பெய்த நீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் இறங்கும் நீர் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லோடு. சித்திரையில் அந்த லாரிக்காகக் காத்திருந்தவர்கள் ஐப்பசியில் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

"வாசல்ல வெச்ச வாளி நிறைஞ்சுபோச்சு" என்பது காலைப் பேச்சில் அடிக்கடி வரும் சாட்சியம். கேட்க நன்றாக இருக்கும், கணக்குக்கு உதவாது. வாளி மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்கிறது. அகன்ற வாயில் பிடித்த நீர் குறுகிய அடியில் உயர்ந்து நிற்கும். பக்கங்கள் செங்குத்தாக உள்ள பாத்திரமாக இருந்தால், வாய் சிறிதோ பெரிதோ, உள்ளே நிற்கும் உயரம் ஒன்றுதான். கூரை விளிம்புக்கு அடியில் வைத்த வாளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது வானத்தை அளக்கவில்லை, ஓட்டை அளக்கிறது.

மானியை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையில் கடினமான பகுதி. இந்தியாவில் அதன் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நியமம். இன்னும் தாழ்ந்தால் தரையில் விழுந்து தெறிக்கும் துளிகள் உள்ளே வரும். உயர்ந்தால் காற்று கெடுக்கும். பக்கத்தில் மரமோ கட்டிடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும்.

காற்று கெடுக்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே நூறாண்டு ஆனது. லண்டனில் 1760களின் கடைசியில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், வீட்டருகே தாழ்வாக ஒன்று, வீட்டுக் கூரையில் ஒன்று, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் ஒன்று என மழைமானிகளை வைத்துப் பார்த்தார். உயரே போகப்போக மழை குறைந்தது. தேவாலய உச்சியில் கிடைத்தது, கீழே கிடைத்ததில் பாதிக்குச் சற்று மேல். துளிகள் கீழே இறங்க இறங்கப் பருத்துக்கொண்டே வருகின்றனவா, மின்சாரம் ஏதாவது செய்கிறதா என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன. பின்னாளில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1861இல் விஷயத்தை நேராக்கினார். உயரத்தில் காற்று வேகம் அதிகம். அது மானியின் மேல் மோதி எழும்பும்போது, உள்ளே விழ வேண்டிய துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மேலே மழை குறைவாகப் பெய்யவில்லை, மானிதான் குறைவாகப் பிடித்தது. மொட்டைமாடியில் மானி வைத்து மழை ரசிக்கும் அன்பர்கள் இன்றும் ஹெபர்டனின் சிக்கலில்தான் இருக்கிறார்கள். நகரத்தில் வேறு இடம் ஏது என்று அவர்கள் கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

எட்டரை மணிக்கு வருவோம். உலகெங்கும் வானிலை நோக்குவோர் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதற்காக உலகப் பொது நேரத்தில் மணிகள் குறித்திருக்கிறார்கள். அதில் அதிகாலை 3 மணி என்பது நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காலை 8.30. நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்தது முழுவதும் இன்றைய தேதியில் ஏறும். செய்தித்தாள் படிப்பவர்களைக் குழப்புவது இதுதான். 2015இல் சென்னையை மூழ்கடித்த மழையை நாம் டிசம்பர் 1ஆம் தேதி மழையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்ற அந்த எண்கள் பதிவேட்டில் இருப்பதோ டிசம்பர் 2ஆம் தேதிக்கு எதிரே.

பள்ளி விடுமுறைப் புலம்பலுக்கும் இதில் பங்குண்டு. மாவட்ட ஆட்சியர் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்பே அறிவித்தாக வேண்டும். அன்றைய கணக்கு வருவதோ முதல் மணி அடிக்கும் நேரத்தில். முன்னறிவிப்பை நம்பி லீவு விட்ட நாளில் ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயிலடித்தால், திட்டு வாங்குவது அவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் லீவுதான் விடுவேன்.

முன்னறிவிப்பின் மொழியும் மழைமானியில் கட்டப்பட்டதுதான். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவானால்தான் அது மழை நாள். 64.5 மி.மீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. செ.மீட்டரில் முழு எண்ணாக்கிச் சொல்லும்போது 7, 12, 21 என்று கேட்கிறோம். எல்லோரும் கேலி செய்யும் "ஓரிரு இடங்களில்" என்ற சொற்றொடருக்கும் கறாரான பொருள் உண்டு: அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை. "ஒரு சில இடங்களில்" என்றால் கால்பங்குக்கு மேல், பாதி வரை. உங்கள் தெரு அந்த ஓரிரு இடங்களில் சேருமா என்பதை அது சொல்வதே இல்லை.

ஆதியில் மழையை அளந்தவர்கள் வரிக்காகவும் விதைப்புக்காகவும் அளந்தார்கள். அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தின் முன்னே வைக்க வேண்டிய மழைப் பாத்திரத்தைச் சொல்கிறது. வறண்ட நாட்டுக்கு 16 துரோணம், ஈரநாட்டுக்கு அதில் பாதி கூடுதல் என்று கணக்கும் தருகிறது. துரோணம் தானியம் அளக்கும் அளவை. நம் பஞ்சாங்கமும் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று இன்றுவரை தானிய அளவிலேயே பேசுகிறது. கொரியாவில் அரசர் சேஜோங் காலத்தில், 1440களின் தொடக்கத்தில், ஒரே அளவிலான மழைமானிகள் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். ஊருக்கு ஊர் கணக்கை ஒப்பிட முடிந்தது. இந்தியாவில் நெடுங்காலம் ஓடியது சைமன்ஸ் மானி. 1860இல் பிரிட்டன் முழுவதும் தன்னார்வலர்களைத் திரட்டி மழை அளக்கத் தொடங்கிய ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸின் பெயர் அது.

பாட்டிலுக்கு ஒரு குறை: எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. நாள் முழுக்கச் சிணுங்கிய 10 செ.மீ.யும் இரண்டு மணி நேரத்தில் கொட்டிய 10 செ.மீ.யும் அதற்கு ஒன்றுதான்; சாக்கடைக்கு ஒன்றல்ல. இதற்காக வந்தது தானே வரையும் மானி. மழைநீர் ஏற ஏற உள்ளே மிதவை ஏறும். மிதவையோடு பேனா ஏறும். கடிகார முடுக்கத்தில் சுற்றும் உருளையின் தாளில் கோடு விழும். 10 மி.மீ. சேர்ந்ததும் நீர் முழுவதும் வளைகுழாய் வழியாக வெளியேற, பேனா பூஜ்ஜியத்துக்கு விழும். கோடு படுத்திருந்தால் மழை இல்லை. செங்குத்தாக எழுந்தால் பேய்மழை.

இப்போது தானியங்கி நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது கவிழும் கிண்ணம். சிறுவர் பூங்கா சீசாவைப்போல் நடுவில் அச்சு வைத்த இரட்டைக் கிண்ணம் அது. ஒரு பக்கம் நிறைந்ததும் எடை தாங்காமல் கவிழ்ந்து கொட்டும். மறுபக்கம் புனலுக்கு அடியில் வரும். ஒவ்வொரு கவிழ்தலுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைத் தொடாமல் தொட்டுப் போகும், கணக்கில் 0.2 மி.மீ. ஏறும். 200 சதுர செ.மீ. வாய்க்கு அது 4 மில்லி லிட்டர், ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. விவரம் உடனுக்குடன் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட தானியங்கி மானிகளை மாநில அரசு நிறுவியிருக்கிறது. ஆனால் மழை வெறிபிடித்துக் கொட்டும்போது, கிண்ணம் கவிழ்கிற அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் நழுவும். புனலில் ஒரு அரச இலை விழுந்தாலோ, சிலந்தி கூடு கட்டினாலோ, ஊரே மிதக்கும்போது அந்த நிலையம் மட்டும் வறண்டிருக்கும். ஆகவே எட்டரை மணிப் பாட்டிலை ஓய்வுக்கு அனுப்ப இது காலமல்ல என்பது என் கட்சி.

பாட்டிலுக்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையே 90 செ.மீட்டருக்குச் சற்று மேல்தான். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 95 செ.மீ. மழை விழுந்தால் சேரும் நீர் 19 லிட்டர். இருப்பதிலேயே பெரிய பாட்டில் 10 லிட்டர். இப்படிப்பட்ட இரவுகளில் எட்டரைக்குக் காத்திராமல் இடையிடையே எழுந்துபோய் அளந்து காலி செய்து கூட்டினால்தான் எண் கிடைக்கும். குடையும் டார்ச்சுமாக அந்த நேரத்தில் வேலிக்குள் போகிறவரைப் பற்றி எந்தச் செய்தியிலும் வராது.

உலகில் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் மழைமானிகளின் வாய்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், பாதிக் கால்பந்து மைதானம்கூட நிறையாது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூமி முழுவதற்கும் அவ்வளவுதான் நேரடி அளவீடு. மிச்சத்தை ராடாரும் செயற்கைக்கோளும் நிரப்புகின்றன. சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ராடார் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையிலிருந்து மழையளவை ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியா என்று உரசிப் பார்ப்பதும் தரையில் நிற்கும் மானியோடுதான்.

வீட்டில் ஒன்று வைத்துப் பார்க்க விரும்பினால் செலவு அதிகமில்லை. பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள அகன்ற கண்ணாடி ஜாடி போதும். குளிர்பான பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தினால், அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில் சாயாமல் செங்கல் அணை கொடுத்து, மரத்தடியும் சுவரோரமும் தவிர்த்து, திறந்த இடத்தில் வையுங்கள். எட்டரைக்கு ஸ்கேலை வைத்து அளந்து, அன்றைய தேதியில் எழுதுங்கள். வெயில் நாளில் ஆவியாகிவிடும் என்பதால் மாலைக்குத் தள்ளிப்போட வேண்டாம். அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; பூஜ்ஜியம் தப்பாகப் போவது ஒருபுறம் இருக்க, நான்கு நாள் அப்படியே விட்டால் டெங்கு ஒழிப்பு ஆய்வுக்கு வருபவர் உங்கள் மழைமானியைக் கொசுத் தொட்டி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.