பட்டன் இருந்தால் போதுமா?

மேச்சேரி பக்கம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஆல்ட்டோ 800 ஒன்று எவ்வளவுதான் ஓடிவிடும்? வாரச்சந்தைக்கு ஒரு நடை, ஓமலூருக்கோ மேட்டூருக்கோ ஒரு நடை, எப்போதாவது சேலத்தில் ஆஸ்பத்திரி. மாசியில் பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கு வரும் சொந்தபந்தத்தை ஏற்றி இறக்கினால் அந்த வருஷத்து ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையிலோ வெட்டவெளியிலோ நிற்கிறது. இப்படிப்பட்ட காரில் பட்டன் தேயும் முன்பே டயர் கிழடு தட்டிப்போகிறது. பார்வைக்கு அது தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து.

டயர் மாற்றப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்து பட்டனைத் தடவிப் பார்ப்பார். “அப்படியே புதுசுங்ணா, இன்னும் இருபதாயிரம் ஓடும்” என்று சொல்லி செகண்ட் ஹேண்ட் டயரை உருட்டி விடுவார்கள். கறுப்புப் பாலிஷ் பூசியிருப்பதால் பளபளவென்று இருக்கும். புது டயரின் பாதி விலைக்கும் குறைவு என்றதும் மனசு இளகிவிடும். பிறந்த தேதியைக் கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகம்.

அந்தத் தேதி டயரிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், காருக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். அப்படியே பட்டன் பள்ளங்களையும் பக்கச் சுவரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். மயிரிழை போல வெடிப்புகள் வாய் திறந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

காரணம் ரப்பரின் குணத்தில் இருக்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக வைக்கின்றன. அதைத் தடுக்கத் தயாரிப்பின்போதே ஒருவகை மெழுகும் ரசாயனங்களும் கலக்கிறார்கள். சக்கரம் ஓடி, ரப்பர் வளைந்து நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காக்கும். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. உள்ளே கம்பி வலைக்கும் ரப்பருக்கும் இருக்கும் பிடிப்பு தளர்கிறது. கோடையில், ஐந்து பேரோடு, காற்று குறைவாக நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சூடு ஏறி, பட்டன் பட்டையாக உரிந்துவிடலாம். மேச்சேரிக்காரர்களுக்குத் தருமபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய் வேறு இருக்கிறது. அந்த இறக்கத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2012 செப்டம்பரில் இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்று மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த முன்சக்கர டயருக்கு வயது 19-க்கும் மேல். அது மாட்டப்பட்டிருந்த பேருந்தைவிட மூத்தது. பட்டன் ஆழம் சட்டப்படி சரியாகவே இருந்தது. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 10 ஆண்டு தாண்டிய டயரை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் மாட்ட 2021 பிப்ரவரி முதல் அங்கே தடை வந்தது. நம் மத்திய மோட்டார் வாகன விதி 94 கார் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்கிறது. வயதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டும். ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் பரிசோதனை, பத்தாவது ஆண்டில் கட்டாயம் கழற்றல் என்பதே டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் வெயிலுக்கு ஆறு, ஏழிலேயே கழற்றிவிடுவது நல்லது.

‘நாமக்கல் லாரிகள் ரீபட்டன் டயரில்தானே நாடு முழுக்க ஓடுகின்றன?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லாரி டயரின் உடல் இரண்டு மூன்று தடவை பட்டன் போடத் தாங்கும்படி கனமாகக் கட்டப்படுகிறது. சின்னக் காரின் டயர் மெல்லியது. புதிதே மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும்போது அதற்கு ரீபட்டன் கட்டுபடியாகாது. தேய்ந்த டயரில் பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக வெட்டி விற்பது இன்னும் மோசம். வெட்டு கம்பிக்கு அருகே போய்விடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவிலும் கோட்டைவிடுகிறார்கள். ஆல்ட்டோ 800-க்கு 145/80 ஆர் 12. பழைய மாருதி 800-க்கு 145/70 ஆர் 12. ரிம் ஒரே 12 அங்குலம் என்பதால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஆனால் 70 டயரின் விட்டம் 29 மில்லிமீட்டர் குறைவு. வண்டி தரையை நோக்கி ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும், மீட்டர் 85 காட்டும்போது உண்மையில் 80-தான் ஓடும். பெரிய வித்தியாசம் சுமையில். 80 டயரின் சுமை எண் 74, அதாவது 375 கிலோ. 70 டயருக்கு 69, அதாவது 325 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தால் 200 கிலோ போய்விடுகிறது.

செலவைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அடிப்படை விலை 2,500 ரூபாய் என்றால் டயருக்கு 250, நான்குக்கு ஆயிரம் மிச்சம். அலைன்மென்ட், பேலன்சிங் செலவுக்கு அது உதவும். நான்கும் முடியாதவர்கள் இரண்டு வாங்கலாம். புதிய இரண்டையும் பின்னால் மாட்ட வேண்டும். ஸ்டியரிங் முன்னால் இருப்பதால் முன்னால்தான் புதுசு போட வேண்டும் என்பார்கள் பல மெக்கானிக்குகள். ஆனால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. கடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்த ‘புதுசு’ வந்தால் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம். நிழலில் அடுக்கிய டயர் அவ்வளவு சீக்கிரம் கெடாது என்பதும் உண்மையே. ஆனால் முழு விலை கொடுப்பவர் பழைய தேதியை ஏன் ஏற்க வேண்டும்?

கழற்றிய பழைய டயர்களைக் கடையிலேயே நூறு, இருநூறுக்கு விட்டு வருவது வழக்கம். வயதான டயராக இருந்தால் அதன் பக்கச் சுவரைக் கண்ணெதிரே கத்தியால் கிழிக்கச் சொல்ல வேண்டும். மாட்டுக் கொட்டகையில் எதற்காவது அது உதவட்டும். பாலிஷ் பூசி இன்னொரு ஆல்ட்டோவில் ஏற முடியாது.