வாங்குவது எளிது... விற்க முடியுமா? வளரும் சந்தை முதலீட்டில் கவனிக்க வேண்டியவை!

1981-ம் ஆண்டு. உலக வங்கிக் குழுமத்தின் ஓர் அங்கமான சர்வதேச நிதிக் கழகத்தில் பணியாற்றிய அன்டுவான் வான் அக்ட்மேல், நியூயார்க்கில் நிதி நிறுவனத்தினர் முன்பு ஒரு திட்டத்தை வைத்தார். வளர்ச்சி குறைந்த நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்ட். அதற்கு அவர் வைத்திருந்த பெயர், 'மூன்றாம் உலகப் பங்கு நிதி'. யோசனை நல்லதுதான், ஆனால் இந்தப் பெயரைச் சொல்லி யாரிடமும் விற்க முடியாது என்றார், கேட்டவர்களில் ஒருவர். சில நாள்கள் யோசித்து அவர் பிடித்த புதுப் பெயர்தான், 'எமர்ஜிங் மார்க்கெட்ஸ்'. அதாவது, வளரும் சந்தைகள்.

பெயர் கவர்ச்சியாகிவிட்டது. ஆனால், அந்த நாடுகளில் இருந்த ரிஸ்க் அப்படியேதான் இருந்தது.

ஸ்பெஷலிஸ்ட் மேனேஜரின் வேலை என்ன?

1987-ல் அமெரிக்காவின் டெம்பிள்டன் நிறுவனம், 10 கோடி டாலருடன் இப்படியொரு ஃபண்டைத் தொடங்கி, அதை மார்க் மோபியஸிடம் ஒப்படைத்தது. ஹாங்காங்கில் இருந்துகொண்டு அவர் நாடு நாடாகச் சுற்றினார். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை மட்டும் நம்பாமல், தொழிற்சாலைக்கே போய்ப் பார்ப்பது, முதலாளி எப்படிப்பட்டவர் என்று எடைபோடுவது... இதுதான் இந்த வேலை. நம் ஊரில் பெண் கொடுப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல! இந்த விசாரணைக்குத்தான் நாம் கட்டணம் கொடுக்கிறோம்.

கம்பெனி நல்லதுதான்... ஆனால் கதவு?

எத்தனை விசாரித்தாலும் மேனேஜரின் கையில் இல்லாத ஒன்று உண்டு. போட்ட பணத்தை வெளியே எடுக்கும் கதவு!

மோபியஸின் ஃபண்ட் தொடங்கிய அதே ஆண்டு, அக்டோபர் 19-ல் அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் 22.6% சரிந்தது. ஹாங்காங் பங்குச்சந்தையை நான்கு நாள்கள் மூடிவிட்டார்கள். மீண்டும் திறந்த அக்டோபர் 26 அன்று, அந்தச் சந்தை ஒரே நாளில் 33% விழுந்தது.

1998 செப்டம்பரில் மலேசியா, வெளிநாட்டினர் பங்கு விற்ற பணத்தை ஓராண்டுக்கு நாட்டைவிட்டு எடுத்துச்செல்லக் கூடாது என்றது. சில மாதங்கள் கழித்துத்தான், வரி கட்டிவிட்டு எடுத்துச்செல்லலாம் என்று தளர்த்தியது.

2022-ல் ரஷ்யாவில் நடந்தது இன்னும் மோசம். உக்ரைன் போர் தொடங்கியதும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்கத் தடை வந்தது. உலக ஃபண்டுகள் பின்பற்றும் எம்.எஸ்.சி.ஐ இண்டெக்ஸிலிருந்து மார்ச் 9-ல் ரஷ்யா நீக்கப்பட்டபோது, அந்தப் பங்குகளுக்குப் போடப்பட்ட மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். எண்ணெய், எரிவாயு கம்பெனிகள் வழக்கம்போல இயங்கிக்கொண்டுதான் இருந்தன. கையில் பங்கு இருந்தும் காசாக்க வழியில்லை!

நல்ல மேனேஜரால் இந்த ஆபத்தைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. ஒரே நாட்டில் அதிகப் பணத்தைக் குவிக்காமல் இருப்பதுதான் அவர் செய்யக்கூடிய காரியம்.

இந்தியக் குடும்பங்களுக்கு...

எம்.எஸ்.சி.ஐ-யின் வளரும் சந்தை இண்டெக்ஸில் சீனா, தைவான், தென் கொரியாவுடன் இந்தியாவுக்கும் பெரிய இடம் உண்டு. எனவே, இந்தியப் பங்கு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி போடுபவர் ஏற்கெனவே ஒரு வளரும் சந்தையில்தான் இருக்கிறார். அவருடைய சம்பளம், வீடு எல்லாமும் இதே பொருளாதாரத்தை நம்பித்தான்.

வெளியே முதலீடு செய்யும் வழியும் எப்போதும் திறந்திருக்காது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டுப் பங்குகளில் போடுவதற்கு, எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து 700 கோடி டாலர் என்ற வரம்பு இருக்கிறது. அதை நெருங்கியதால், 2022 தொடக்கத்தில் பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதையே நிறுத்தின.

கட்டணத்தையும் கணக்குப் போட வேண்டும். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 0.5% என்றால், 20 ஆண்டுகளில் சுமார் 6.14 லட்சம் ரூபாய் ஆகும். 2% என்றால், சுமார் 4.66 லட்சம் ரூபாய்தான். கூடுதல் கட்டணம் வாங்கும் மேனேஜர், அந்த ஒன்றரை லட்சத்துக்குமேல் சம்பாதித்துக் கொடுத்தால்தான் நமக்கு லாபம்.

பணம் போடும் முன் கேளுங்கள்

* எந்தெந்த நாடுகளில், எத்தனை சதவிகிதம் போடுகிறார்கள்? அதில் இந்தியா எவ்வளவு?

* கட்டணம் கழித்தபிறகு, 10 ஆண்டுகளில் இண்டெக்ஸைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்களா?

* 1998, 2022 போன்ற நெருக்கடிகளில் அந்த மேனேஜர் என்ன செய்தார்?

* இந்தப் பணம் சில ஆண்டுகள் முடங்கினால், வீட்டுச் செலவு தடுமாறுமா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ வைத்திருக்கும் பணம் அது. அதை வங்கி டெபாசிட்டிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது!